என் பொறாமையைத் தேடி வந்த மனிதர்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. மைசூரு ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ரயில்வேக்காரர், சேலத்திலிருந்து மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம்.

எங்கள் பிரிவில் எனக்குப் பிறகு சேர்ந்தவள் அவள். அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்ததே நான்தான். ஆனால் சூப்பர்வைசர் பதவி அவளுக்குப் போயிற்று. அன்றிலிருந்து அவள் எது செய்தாலும் எனக்கு வயிறு எரியும். மேனேஜரிடம் கன்னடத்தில் சிரித்துப் பேசினால் எரியும். மதியம் அவள் டப்பாவைத் திறந்ததும் மற்ற பெண்கள் அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தால் எரியும். நான் கம்பெனி பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போவேன். அவள் புது மொபெட்டில் எங்களைத் தாண்டிப் போவாள். அதைப் பார்க்கப் பிடிக்காமல் ஜன்னல் ஓரம் உட்காருவதையே விட்டுவிட்டேன்.

ஒருநாள் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு, சாலையோரம் டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அவள் மொபெட்டில் மெதுவாகத்தான் வந்தாள். சந்திலிருந்து ஒரு ஆள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சைக்கிளைச் சாலையில் விட்டான். மோதி இருவரும் விழுந்தார்கள். அவனுக்குக் கால் முறிந்துவிட்டது. அவள்மேல் வழக்குப் போட்ட போலீஸார், பக்கத்தில் நின்ற என்னையும் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

விசாரணைக்கு முந்தைய வாரம், அடிபட்டவனின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மண்டி மொஹல்லாவில் தரகு வியாபாரம் செய்பவர். தமிழும் கன்னடமும் கலந்து பணிவாகப் பேசினார்.

"நோடிம்மா, பாருங்க, அவங்க ரொம்ப வேகமா வந்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க. தண்டனை ஆச்சுன்னா வேலை போயிடும். அப்புறம் அந்த நாற்காலி யாருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்."

சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்வது குற்றமில்லையா என்று கேட்டேன். எல்லோரும் சொல்வதுதான், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்றார். முடியாது என்று நான் சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பினேன். கிளம்பும்போதுதான் அதைச் சொன்னார். "உங்களுக்கு அவங்களைக் கண்டா ஆகாதுன்னு உங்க கம்பெனி கேன்டீன்லயே சொன்னாங்க. அதான் தைரியமா வந்தேன்."

அவர் போன பிறகும் அந்த வார்த்தை போகவில்லை. எனக்குள்ளேயே வைத்திருப்பதாக நினைத்தது ஊருக்கே தெரிந்திருக்கிறது. ஆனாலும் அந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டேதான் கோர்ட்டுக்குப் போனேன்.

கூண்டில் ஏறிச் சத்தியப் பிரமாணம் எடுத்தேன். எதிரே அவள் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது அந்த முகம். எனக்குச் சுருக்கென்றது. அவள் நினைத்தபடியே நான் ஆகிவிடக் கூடாது என்று ஒரு வீம்பு வந்தது. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன்.

எனக்கு அடுத்து, விபத்து நடந்த இடத்தில் சோடாக் கடை வைத்திருந்தவர் ஏறினார். மொபெட் பறந்து வந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அவள் வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்கக் கேட்க, அன்று கடையே திறக்கவில்லை, அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார் என்பது வெளியே வந்துவிட்டது. அழுதுகொண்டே, அடிபட்டவனின் அண்ணன்தான் இப்படிச் சொல்லச் சொன்னார் என்று ஒப்புக்கொண்டார். பொய் சாட்சிக்கு ஏழு வருடம் வரை சிறை உண்டு, சொல்லத் தூண்டியவரும் தப்ப முடியாது என்றார் மாஜிஸ்திரேட். இருவர்மேலும் தனியாக வழக்கு நடந்தது. இருவரும் ஜெயிலுக்குப் போனார்கள். சோடாக் கடை மூடியே கிடந்ததைப் பஸ்ஸிலிருந்து பார்க்கும்போதெல்லாம், அந்த அண்ணனுக்கு நான் கொடுத்த காபி நினைவுக்கு வரும்.

அவள் விடுதலையானாள். தீர்ப்புக்குப் பிறகு முதல் நாள் வேலைக்கு வந்ததும் என் மேஜைக்கு வந்து, "நீங்க இப்படிச் சொல்வீங்கன்னு நான் நினைக்கவே இல்லக்கா" என்றாள். நன்றி சொல்கிறாளா, மன்னிப்புக் கேட்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. "போய் வேலையைப் பாருங்க" என்றேன்.

ஓய்வு பெறும்வரை அவளுக்குக் கீழேதான் வேலை பார்த்தேன். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பொய் சாட்சிதான். ஆனால் யார்மேலாவது மனம் புகையும்போதெல்லாம், இது வெளியே தெரிந்தால் யார் வந்து என் கதவைத் தட்டுவார்களோ என்ற பயம் இன்றுவரை என்னைக் காத்து வருகிறது.