மூன்றாவது இடத்தில் நாரை

நான் தண்ணீர் பாய்ச்சிய மைதானத்துக்கு ஜனவரிதோறும் லிதுவேனியாவிலிருந்து ஒரு கால்பந்துக் குழு வரும். அங்கே அப்போது பனி. துபாயில் இரண்டு வாரம் பயிற்சி எடுப்பார்கள். சட்டையில் நாரைச் சின்னம்.

இந்த முறை அவர்கள் கிளம்பிய அன்று தென்காசிக்கார சூப்பர்வைசர் சொன்னார்: "மேல் லீக்ல இருந்தாத்தான் அடுத்த வருசம் வருவாங்க அண்ணாச்சி. கீழ் லீக்குக்கு எறங்கிட்டா வரமாட்டாங்க, இந்த எடம் குடோன்தான்."

புல் போனால் என் விசாவும் போகும்.

அவர்கள் ஊரில் ஆட்டங்கள் மார்ச்சில் தொடங்கி நவம்பரில் முடியும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவர்கள் ஊர் எழுத்து புரியாது. எண்ணும் சின்னமும் புரியும். யாரிடமும் கேட்கக் கூச்சம். போனில் நானே தேடி, நாரை இருந்த புள்ளிப் பட்டியலைப் பிடித்தேன். ஏழாவது. பிறகு ஐந்தாவது. ஆகஸ்டில் மூன்றாவது.

ஜூனிலேயே இரண்டு பேர் டேப் பிடித்து மைதானத்தை அளந்தார்கள். வேலியோரப் புல்லுக்குத் தண்ணீர் வேண்டாம் என்றார்கள். அக்டோபர் பிறந்தும், வருசாவருசம் வரும் குளிர்காலப் புல்விதை மூட்டைகள் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. நாரைதான் மூன்றாவது இடத்தில் இருக்கிறதே.

ஒரு வெள்ளிக்கிழமை, அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் ரூமில் இருக்கும் வேன் டிரைவர் என் போனை எட்டிப் பார்த்தான். பரமக்குடிக்காரன்.

"என்ன மாப்ள, இதையே பாத்துக்கிட்டுருக்க?"

சொன்னேன். அவன் போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு.

"அட கூறுகெட்டவனே, இது ரெண்டாவது லீக்கு. அவங்க சின்ன டீமு இதுல ஆடுது. சின்னம் ஒண்ணுதான், ஆளு வேற. புள்ளயப் பாத்துட்டு அப்பன் நல்லாருக்கான்னு நெனச்சிருக்க!"

"அப்ப பெரிய டீமு?"

மேலே இருந்த வேறொரு பட்டியலைத் திறந்தான். நாரை கடைசியில் இருந்தது. அதன் பக்கத்தில் சிவப்புக் கோடு. அவன் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் விரலால் எண்ணினான்.

"இன்னும் மூணு ஆட்டம் இருக்கு. மூணையும் ஜெயிச்சாலும் எட்டாது மாப்ள."

தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது.

மறுநாள் காலை டூட்டிக்குப் போனேன். விதை மூட்டைக்காக நான் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்த கொட்டகையில் நீள நீளமாக இரும்புத் தூண்கள் இறக்கியிருந்தன. வழக்கம்போல் குழாயைத் திறந்தேன். தண்ணீர் புல்லில் விழத் தொடங்கியதும் சூப்பர்வைசர் தூரத்திலிருந்தே கையை ஆட்டினார்.

"அண்ணாச்சி, தண்ணிய நிறுத்துங்க. கலாஸ், எல்லாம் முடிஞ்சுது."

நிறுத்தினேன். குழாயில் மிச்சமிருந்தது வடியும்வரை அங்கேயே நின்றேன்.