அப்பா நிறுத்திய விமானம்

போன மாதம் இறந்துபோன என் அப்பா எலீசியோ பரேரா, அமெரிக்காவின் மொஹாவிப் பாலைவனத்தில், விமானம் கட்டும் ஹேங்கர் கொட்டகைகளில் ஆயுள் முழுக்க உழைத்த மெக்கானிக். அவர் கட்டிய போர் விமானங்கள் எங்கள் ஊர் ஜன்னல்களை அதிரவைத்தன. அவர் காதுகளையும் கெடுத்தன. கடைசியாகக் கிடைத்தது ஓர் ஆராய்ச்சி விமானம். ஒலியை முந்திப் பறந்தாலும் தரையில் கார்க் கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்கும். அது முதல்முறை பறக்கும்போது ஓடுபாதையோரம் தன் குழுவோடு நிற்க வேண்டும். அதற்காகவே ஓய்வு பெறாமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

காது கேட்காதது மேலிடத்துக்குத் தெரியக் கூடாதென்று, காது மெஷினை, சத்தத்துக்குப் போடும் காது மூடிக்குள் ஒளித்து வைத்திருந்தார். கழன்று விழக்கூடிய எதுவும், மோதிரம்கூட, விமானத்துக்குள் கூடாது. ஒரு மதியம் வால் பகுதியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து காதைத் தொட்டார். மெஷின் இல்லை.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் உள்ளே கிடக்கும் துண்டு விமானத்தைத் திருப்பும் எந்தக் கம்பியிலும் சிக்கலாம்.

குழுத் தலைவி டார்லீனிடம் போனார்.

"வேலைய நிறுத்து. என் பொருள் ஒண்ணு உள்ள விழுந்துடுச்சு."

"என்ன பொருள்?"

"காது மெஷின்."

மறுநாள் எஞ்சினை முதன்முதலாக முடுக்குவதாக இருந்தது. அது தள்ளிப்போனது. விமானத்துக்கு வரைபடம் போட்ட பொறியாளர்கள்கூட டார்ச்சும் கண்ணாடியுமாக வந்து குப்புறப் படுத்துத் தேடினார்கள். வாரம் முழுக்க யாரும் நேரத்துக்கு வீடு போகவில்லை.

கூட்டாளி ஹ்யூ சொன்னார்: "என்ன பெருசு, சத்தம் போடாத விமானம்தானே, காது எதுக்குன்னு கழட்டிப் போட்டுட்டியா?"

அப்பா திரும்பவில்லை. ஹ்யூ சுற்றி வந்து, முகத்துக்கு நேரே நின்று, அதையே மறுபடி சொன்னார்.

அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "உனக்கு முன்னமே தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். எத்தன நாளா உன் மூஞ்சிக்கு நேரா வந்து பேசறோம்? உன் அழகப் பாக்க வர்றோம்னு நெனச்சியா?"

கடைசியில் ஒயர்க் கட்டுக்குப் பின்னால் கிடைத்தது.

"இனிமே நீ உள்ள போக முடியாது, எலீசியோ," என்றாள் டார்லீன். "நாங்க மறைச்சது போதும். தெரிஞ்சே அனுப்பினது என் தப்பு."

"பரவால்ல. நானும்தானே மறைச்சேன்."

வேறு கட்டடத்தில் கருவி அறைக்கு மாற்றினார்கள். ஓடுபாதைக்குப் போகும் அனுமதி அட்டையும் போனது.

விமானம் பறந்த காலையில் நானும் அவரும் சாலையோரக் கம்பி வேலிக்கு வெளியே, முன்பின் தெரியாதவர்களோடு நின்றோம். புழுதிக் காற்று. தொலைநோக்கி என்னிடம் இருந்தது. விமானம் மேலே ஏறியது. அவர் அதைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார்.

"ஓடுபாதைகிட்ட யாரெல்லாம் நிக்கிறாங்க?"

அவர் முகத்துக்கு நேரே திரும்பிச் சொன்னேன். டார்லீன். ஹ்யூ. மற்றவர்கள்.

"ஹ்யூ அழறானா?"

"தெரியலப்பா. தூரம்."

"அழுவான்," என்றார். "வா, போலாம். கால் வலிக்குது."