கலர் பாட்டிலில் சீமெண்ணெய்

சீமெண்ணெய் வாடை அடித்தால் எனக்கு அடுப்போ விளக்கோ நினைவுக்கு வருவதில்லை. என் தம்பி முத்துவின் வாய்தான் வருகிறது.

எண்பதுகளின் தொடக்கம். தொண்டியிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊரில், களமெல்லாம் மிளகாய் காய்ந்துகொண்டிருந்த பங்குனி மாதம். ரேஷனில் வாங்கிய சீமெண்ணெய் டின் ஒழுகியதால், அய்யா அதை ஆரஞ்சுக் 'கலர்' பாட்டில் ஒன்றில் ஊற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். முந்தின வாரம் திருவிழாவில் முத்து கலர் குடித்ததும் அதே மாதிரி பாட்டிலில்தான்.

"அத மேல வைங்க, பிள்ள நடமாடுற எடம்" என்றாள் அம்மா.

"தெனம் எடுக்குறத ஒசரத்துல வைப்பாகளா? பிள்ளையப் பாத்துக்கிறதவிட ஒனக்கு என்ன வேல?"

களத்தில் மிளகாய் கிளறுவதும் ஊருணியில் தண்ணீர் சுமப்பதும் அய்யாவின் கணக்கில் வேலையே இல்லை.

மத்தியானம் அம்மா குடத்தோடு வந்தபோது முத்து இருமிக்கொண்டு கிடந்தான். பக்கத்தில் பாட்டில் உருண்டிருந்தது. அவள் போட்ட சத்தத்தில் அய்யாவும், அடுத்த வீட்டிலிருந்த அவருடைய அக்காவும் ஓடிவந்தார்கள்.

"உப்பக் கரச்சு ஊத்து. வாந்தி எடுத்தாச் சரியாப் போகும்" என்றாள் அத்தை.

"வேணாம் மதினி, இப்பவே மூச்சு முட்டுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவோம்."

"எங்கக்காவுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்?" என்று அய்யா பிள்ளையைப் பிடுங்கி வாயைத் திறந்து பிடிக்க, அத்தை உப்புத் தண்ணீரை ஊற்றினாள். முத்து வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகுதான் அவன் நெஞ்சு துருத்திபோல ஏறி இறங்கத் தொடங்கியது, உதடு கறுத்தது.

என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் பிடித்து ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். வாந்தி எடுக்கும்போது சீமெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும், அதுதான் பிள்ளையைக் கொல்லும், அப்படியே தூக்கி வந்திருக்க வேண்டும் என்றார்.

"யாரு வாந்தி எடுக்க வச்சது?"

அத்தை தரையைப் பார்த்தாள். அய்யா அம்மாவைக் கைகாட்டினார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் முத்து போய்விட்டான்.

ஊரும் அந்தக் கையைத்தான் நம்பியது. பிள்ளையைக் காக்கத் தெரியாதவள் என்று யாரும் தங்கள் கைக்குழந்தையை அவள் மடியில் போடவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் அம்மா அடுப்படிக்குள் நுழைந்து, சீமெண்ணெயோ பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்தோ கண்ணில் பட்டால் எட்டாத உயரத்தில் எடுத்து வைப்பாள். அதற்கும் சிரித்தார்கள்.

இப்போது வீட்டில் கேஸ் அடுப்பு; சீமெண்ணெய் வாங்குவதே நின்றுவிட்டது. முத்துவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அத்தை எப்போதோ போய்ச் சேர்ந்தாள். போன வருஷம் அய்யாவும் போனார். கருமாதி முடிந்து சனமெல்லாம் கலைந்த பிறகு அம்மா சொன்னாள்:

"அன்னைக்கி ஆஸ்பத்திரியிலயே வாயத் தொறந்து உள்ளதச் சொல்லிருக்கணும்."

"இப்பச் சொல்லேம்மா" என்றேன்.

"ஆருகிட்ட?" என்றாள்.