சல்லடைக்கு நாலு நாள் லீவு

மெத்தைக் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்காமல் இருந்த ஒரே மனிதர் சல்லடைதான். வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. கம்பெனியிலிருந்து வெளியே போகும் மெயிலில் குப்பை இருந்தால் பிடித்து நிறுத்துவது அவர் வேலை.

இந்த வேலையை உருவாக்கிய பெருமை விற்பனை மேலாளரைச் சேரும். போன வருஷம் அவர் எதையோ ஆசையாகக் க்ளிக் செய்யப்போக, அவர் கம்ப்யூட்டர் ஊருக்கெல்லாம் லாட்டரிப் பரிசு அறிவித்துவிட்டது. எங்கள் மெயில் என்றாலே உலகம் கதவைச் சாத்தியது. அன்று கம்ப்யூட்டரில் வைத்ததுதான் வடிகட்டி; அதை மேய்ப்பவர் சல்லடை. சந்தேகமான சொல்லுக்கெல்லாம் மார்க் உண்டு. மார்க் ஏறினால் மெயில் நிற்கும். நிறைய மார்க் வாங்கினால் ஃபெயிலாகும் பரீட்சை இது ஒன்றுதான்.

கம்பெனி எழுதுவதோ மெத்தையைப் பற்றி. ‘படுக்கை’, ‘இரவு முழுவதும் சுகம்’, ‘இலவசமாக முயன்று பாருங்கள்’ என்று படித்த வடிகட்டி காதைப் பொத்திக்கொண்டது. சல்லடை ஒவ்வொரு சொல்லாக மன்னித்தார். படுக்கைக்கு மார்க்கே இல்லை, சுகத்துக்குப் பாதி. ஆனால் ‘அவசரம்’, ‘உடனே’, வரிசையாக ஆச்சரியக்குறி, இவற்றை மன்னித்தால் லாட்டரிக்காரன் மறுபடி கிளம்பிவிடுவான்.

“யோவ் சல்லடை, என் மெயில் மறுபடியும் நின்னுடுச்சு. மெத்தை விக்கிறவன் படுக்கைன்னு எழுதாம பாறைன்னா எழுதுவான்?” என்று மேலாளர் வந்து நின்றார்.

“படுக்கையை விட்டாச்சு சார். நீங்க போட்ட ஆச்சரியக்குறியைத்தான் விடல.”

“அது மரியாதைக்குப் போட்டதுய்யா!”

பஞ்சாயத்து முதலாளியிடம் போனது. “ஒரு மாசம் நல்ல மெயில் ஒண்ணுகூட நிக்கக்கூடாது. அப்புறம் லீவு கேளு, தர்றேன்” என்று அவர் சல்லடையிடம் சொன்னார்.

கடலைப் பார்க்க வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிவந்த சல்லடையின் மனைவி, அன்றே பரணிலிருந்து பெட்டியை இறக்கினார்.

சல்லடை மேஜை மேஜையாகப் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். “பதறாம எழுதுங்க, அது போதும்.” அலுவலகமே முனிவர்கள் மாதிரி எழுதப் பழகியது. ‘எங்கள் லாரி தங்கள் வாசலில் மழையில் நிற்கிறது. மனம் வரும்போது கேட்டைத் திறக்கலாம்.’ மெத்தை ஊறியது, மெயில் நிற்கவில்லை.

மாதம் முடிந்தது. முதலாளி மெயில் பார்ப்பது கம்பெனிக்கு வெளியே, தன் சொந்தக் கணக்கில் என்பதால், லீவு விண்ணப்பமும் வடிகட்டியைத் தாண்டியாக வேண்டும். சல்லடை தன் சட்டத்தைத் தானே மீறுவாரா? ‘வெள்ளி முதல் நாலு நாள் விடுப்பு வேண்டும். தங்களுக்கு ஓய்வு கிடைக்கும்போது பார்த்தால் போதும்’ என்று எழுதினார். ஒரு மார்க் கூட விழவில்லை.

வியாழன் மாலை மனைவி போன் செய்தார். “என்னங்க, லீவு என்னாச்சு?”

“மெயில் போயிடுச்சு.”

“மெயில் போச்சு, சரி. நாம போறோமா?”

சல்லடை முதலாளி அறைக்குப் போனார்.

“பார்த்தேன்யா. ஓய்வா பார்க்கச் சொல்லியிருந்தே, அப்படியே வெச்சுட்டேன். இப்பதான் மேலாளர் நேர்ல வந்து அவசரம் அவசரம்னு கத்தி, நாளையிலேர்ந்து லீவு வாங்கிட்டுப் போனாரு. ரெண்டு பேரும் போயிட்டா கம்பெனியை யார் பார்க்கிறது?”

வீட்டுக்கு வந்து நடந்ததை வரி விடாமல் சொன்னார். மனைவி திட்டவில்லை. பெட்டியைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தார்.

“பெட்டியைப் பரண்ல ஏத்திடுங்க. ஒண்ணும் பதற வேண்டாம். உங்களுக்கு ஓய்வு கிடைக்கும்போது போதும்.”

பெட்டி இன்னும் கூடத்தில்தான் கிடக்கிறது.