புகைப்பெட்டிக்குப் பால் காய்ச்சிய நாள்

எங்கள் அப்பா தம் வாழ்நாளில் ஒரு கோழித்துண்டைக்கூட வாயில் வைத்தவர் அல்லர். அப்படிப்பட்டவர், ஒரு கலியாண வீட்டுச் சனத்துக்கெல்லாம் காணுகிற கோழியை ஒரேயடியாகப் புகைபோடும் பெட்டி ஒன்றை வாங்குவதற்காகச் சாவகச்சேரி வெல்டிங் பட்டறையில் ஒரு காலைப்பொழுது முழுவதும் வெயிலில் நின்றார் என்றால், அதற்குக் காரணம் என் மாமா.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கட்டாரில் பெரிய ஹோட்டல் ஒன்றின் குசினியில் சில வருடங்கள் சமையல் வேலைசெய்துவிட்டு லீவில் வந்திருந்தார். லீவு முடியும் தறுவாயில், இனி அவரைப் போகவிடுவதில்லை என்று வீட்டில் முடிவாயிற்று. அப்பா கதிரை, சோறு வடிக்கிற கிடாரம், தகரப்பந்தல் எல்லாம் கொண்டாட்டங்களுக்கு வாடகைக்குக் கொடுப்பவர். ஆடி ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வருகிற சனம் மண்டபம் எடுத்து ஒன்றுகூடல் வைத்துவிட்டு, புகைபோட்ட கோழி கிடைக்குமா என்று அவரிடம் விசாரிக்கத் தொடங்கியிருந்தது. கதிரையோடு கோழியையும் அனுப்பினால் என்ன? சமைக்க மாமா இருக்கிறார். பெட்டி ஒன்றுதான் இல்லை.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். மாமா எங்களோடு நின்றுவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு கவலை இருக்கவில்லை. என் தலைமுடியை இழுக்காமல் பின்னிவிடத் தெரிந்த ஒரே மனிதர் அவர். அம்மா பின்னினால் கண்ணீர் வரும்.

பட்டறையில் இரண்டு பெட்டிகள் செய்து வைத்திருந்தார்கள். ஒன்று எண்ணெய்ப் பரலை, அந்த இரும்புப் பீப்பாயை, நீளமாக வெட்டி, கீழே கரி போட்டு மேலே கம்பித்தட்டு வைத்தது. மற்றது தடித்த இரும்பில், ஆள் நீளத்துக்கு இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் கரி போடத் தனியாக ஒரு சின்னப் பெட்டி, மறுகோடியில் புகைபோக்கி. அப்பா இரண்டையும் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். கிடாரம் வாங்கும்போது அப்படித்தான் பார்ப்பார். வேறு எப்படிப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியாது, பாவம்.

"உதுக்குள்ளை எத்தினை கோழி பிடிக்கும்?" என்று கேட்டார்.

கோழிக்கு எங்கே போவது? சந்தைக்கென்று எங்கள் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்த உரித்த தேங்காய்கள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பித்தட்டில் அடுக்கும் வேலை எனக்கு வந்தது. கால், செட்டை எல்லாவற்றுக்கும் இடம் விட்டு அடுக்கு என்றார் மாமா. நான் மிகவும் பொறுப்பாக ஒவ்வொரு தேங்காய்க்கும் செட்டை விரிக்க இடம் விட்டேன். பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டார்.

அப்பாவுக்குப் பரல்தான் பிடித்தது. கெதியாகச் சூடேறும், விலையும் குறைவு.

"உது வெறும் அடுப்பு அத்தான்," என்றார் மாமா. "கோழி வெளியிலை கருகும், உள்ளுக்கை பச்சையாய்க் கிடக்கும். மற்றதிலை நெருப்பு ஒரு பக்கம், இறைச்சி ஒரு பக்கம். சூடு மெல்லமாய்ப் போய்த்தான் அவிக்கும். புகைபோக்கிப் பக்கம் பட்டர்க்கட்டியை வைச்சாலும் சட்டெண்டு உருகாது."

அம்மா முன்னுக்கு வந்தாள். இரண்டு பெட்டியின் மூடியையும் திறந்து, குனிந்து, கையை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

"சாம்பல் எங்காலை எடுக்கிறது? கொழுப்பு எங்காலை வடியும்? கழுவப்போறது நான்தானே," என்றாள். பெரிய பெட்டியில் இரண்டுக்கும் வழி இருந்தது. பரலில் இல்லை. அதோடு அப்பா பரலை விட்டுவிட்டார்.

ஆனாலும் காசு கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. கொண்டுபோய்ப் பாருங்கள், சரிவராவிட்டால் திருப்பித் தாருங்கள் என்றார் பட்டறைக்காரர். பெட்டி எங்கள் முற்றத்துக்கு வந்தது. சாமிக்குக் காட்டாமல் அதில் முதல்முதல் மச்சம் மாமிசம் ஏற்றக்கூடாது என்றார் அப்பா. கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தார். பால் காய்ச்சுவோம் என்று சொன்னவர் மாமா.

"வெள்ளிக்கிழமை காலமை இதுக்குள்ளை பால் வைப்பம் அத்தான். பொங்கினால் இஞ்சையே நிக்கிறன். பொங்காட்டில் பெட்டியைத் திருப்பிக் குடுத்திட்டு நான் கட்டாருக்குப் போறன்."

மச்சானுக்கு இவ்வளவு பக்தியா என்று அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா மட்டும் மாமாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை முற்றம் மெழுகி, கோலம் போட்டு, நிறைகுடம் வைத்தோம். கோழிக்கு வாங்கிய பெட்டிக்கு விபூதி பூசிச் சந்தனப்பொட்டு வைத்தார் அப்பா. மாமா பக்கப்பெட்டியில் சிரட்டைக்கரியை மூட்டினார். பால் பானையைத் தூக்கிப் பெரிய பெட்டிக்குள், புகைபோக்கிப் பக்கமாக வைத்து மூடினார். நல்ல நேரம் தொடங்கியது.

காத்திருந்தோம். மூடியைத் திறந்து பார்த்தால் பால் அப்படியே இருந்தது. மறுபடி திறந்தபோது மெல்லிய ஆடை படர்ந்திருந்தது. பிறகு அந்த ஆடை புகை பிடித்துப் பழுப்பாயிற்று. பால் பொங்குகிற குணமே அதில் இல்லை. அப்பா கைக்கடிகாரத்தையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தார். பிள்ளையாரே, பொங்கப் பண்ணு, நான் இனி நீயே வந்து கேட்டாலும் பொய் சொல்லமாட்டேன் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு நின்றேன்.

"சரி, விடுங்கோ அத்தான்," என்றார் மாமா. அவருடைய குரல் சாந்தமாக இருந்தது. "கடவுளுக்கு விருப்பமில்லைப் போலை."

அப்போது அம்மா குசினியிலிருந்து வந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். ஒரு துணியைச் சுற்றிப் பானையைத் தூக்கிக்கொண்டு நெருப்புப் பக்கத்துக்கு நடந்தாள். கரி எரிகிற சின்னப் பெட்டியின் மேல்தகடு தகதகவென்று காய்ந்திருந்தது. அதன்மேல் பானையை வைத்தாள்.

"நெருப்பு இஞ்சை கிடக்கு. பாலை அங்கை வைச்சால் என்னெண்டு பொங்கும்?"

"அக்கா, அது..."

"எனக்குத் தெரியும் தம்பி," என்றாள் அம்மா.

சொல்லி முடிய முன்னமே பானை இரைந்தது. பால் திரண்டு எழும்பி, கிழக்குப் பக்கமாகவே வழிந்து, தகட்டில் சீறியது. அப்பா அரோகரா என்று கைகூப்பினார். நான் ஓடிப்போய் மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவர் என் தலையில் கையை வைத்தார். கை நெடுநேரம் அசையாமல் அப்படியே இருந்தது.

பெட்டிக்கு அப்பா காசு கொடுத்தார். அந்த ஆவணியில் நடந்த முதல் ஒன்றுகூடலில் கோழி ஒரு துண்டும் மிஞ்சவில்லை. தான் தின்னாத கோழியின் ருசியைப் பற்றி அப்பா ஊரெல்லாம் கதைத்துத் திரிந்தார். மாமா இங்கேயே கலியாணம் கட்டினார், இன்றைக்கும் எங்கள் தென்மராட்சிப் பகுதியில் பெரிய விருந்தென்றால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் குறையாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

போன மாதம் எனக்கு வெளியூரில் ஒரு வேலை கிடைத்தது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று, ஏதாவது தடங்கல் வந்து அதுவே எனக்காகச் சொல்லிவிடாதா என்று, ஒரு கிழமை முழுவதும் யோசித்துக்கொண்டு திரிந்தேன். அந்தக் கிழமையில்தான் மாமாவை நினைத்தேன். பெட்டியின் ஒவ்வொரு மூலையின் சூட்டையும் அறிந்தவர், பால் பானையைத் தன் கையாலேயே புகைபோக்கிக்குக் கீழே வைத்தார். எங்கள்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவருக்கு எங்களை விட்டுப் போகவும் ஆசை இருக்கலாம் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.

அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.