தலையைத் தொடத் தயங்கிய பிள்ளைகள்

2003ஆம் ஆண்டின் குளிர்காலம். யாங்கோனில் எனக்கு ஆணி, கயிறு, பெயின்ட் விற்கும் கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் நான் கடைக்காரன் இல்லை. இன்சீன் பக்கத்து மைதானம் ஒன்றில், எனக்கே பாதிதான் புரிந்த ஒரு விளையாட்டின் அணிக்குப் பொறுப்பாளன். அந்த விளையாட்டு பேஸ்பால்.

அதில் நான் மாட்டிக்கொண்ட கதை சிறியது. கடைக்குக் கயிறு வாங்க வரும் ஜப்பான்காரர் ஒருவர், பத்தாம் வகுப்புப் பயல்கள் சிலரைச் சேர்த்து ஆட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சாமான் ஏற்றிப்போக என் பிக்கப் வண்டியைக் கேட்டார், கொடுத்தேன். திடீரென்று அவர் ஊருக்குப் போக வேண்டி வந்தது. திரும்பும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டை, கையுறை எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வண்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பயல்களில் முஸ்லிம்கள், இந்துக்கள், தமிழும் பர்மியும் கலந்த வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லாரும் இருந்தார்கள். அவர்களுக்குள் பேச்செல்லாம் பர்மியில்தான். என்னோடு மட்டும் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவார்கள். எங்கள் வீட்டில் அண்ணனை அழைப்பதுபோல என்னை 'நானா' என்று கூப்பிடுவார்கள்.

அந்த சீசன் முழுக்கத் தோற்றோம். எதிரணிகளில் எல்லாம் வேலைக்குப் போகிற ஆண்கள், நம் பயல்களுக்கோ அரும்பு மீசை. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை என்று மாவ்பி ஊர் அணியோடு ஆடிய அன்று எனக்குப் புரிந்தது.

பேஸ்பாலில் அடித்துவிட்டு ஓடுகிறவர், சுற்றி வந்து புறப்பட்ட இடத்தைத் தொட்டால் ஒரு ரன். அதற்குள் அங்கே நிற்கும் கேட்சர், பந்து வைத்திருக்கும் கையுறையால் அவரைத் தொட்டுவிட்டால் அவுட். சடுகுடு மாதிரி, தொட்டால் போதும். மாவ்பி அணியில் வழுக்கைத் தலையோடு கனத்த மனிதர் ஒருவர் இருந்தார். ஓடி வந்து கடைசியில் குப்புறப் பாய்ந்து, தலையை முன்னே நீட்டிக்கொண்டு சறுக்கி வருவது அவர் வழக்கம். அன்றும் அப்படித்தான் வந்தார். நம் கேட்சர் கையில் பந்து இருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் பளபளவென்று அந்தத் தலையும் இருந்தது. பயல் கையை நீட்டினான், அப்புறம் மடக்கிக்கொண்டு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான். அந்த ரன்னில் நாங்கள் தோற்றோம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஏன்டா, தொட்டா என்னடா? குடியா முழுகிப்போகும்?" என்று கத்தினேன்.

"ஊலே மண்டையில எப்டி நானா வைக்கிறது? பெரியவரு. பாவம் வரும். ஆனாடே" என்றான்.

பெரியவர்களை மாமா முறையில் 'ஊலே' என்பார்கள். 'ஆனாடே' என்பது பர்மாக்காரர்களின் ரத்தத்தில் ஊறிய சொல். பிறத்தியார் மனம் நோகுமே, அவர்களுக்குச் சங்கடமாகுமே என்று தயங்குவது. அதிலும் பெரியவர் தலையைத் தொடுவது அங்கே மகா அபசாரம். மண்ணில் புரண்ட தோல் கையுறையைத் தலையில் வைப்பதும் செருப்பை வைப்பதும் ஒன்றுதான். எல்லாம் எனக்குத் தெரியும், நானும் அந்த மண்ணில் பிறந்தவன்தானே. ஆனாலும் பொறுக்கவில்லை.

"மரியாதைக்காரங்களுக்கு இந்த ஆட்டம் வேண்டாம்ப்பா. மாவ்பியோட இன்னும் ஒரு மேட்ச் இருக்கு. அதோட சரி. சாமானை வேற யார்ட்டயாவது கொடுத்துரலாம்" என்று சொல்லிவிட்டேன். வெறும் கோபத்தில் சொன்னதல்ல. பெட்ரோல் ரேஷனில் கிடைத்த காலம் அது. பரீட்சை வருகிறதே என்று பெற்றவர்களும் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள். பயல்கள் சாக்கைக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள்.

கடைசி மேட்ச் அன்று பனி இன்னும் விலகவில்லை. நான் சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பயல்கள் நம் பக்கம் இல்லை. மைதானத்தைக் கடந்து எதிரணியின் முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். என்ன வம்போ என்று ஓடினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் வரிசை புல்லில் மண்டியிட்டுக் குனிந்துவிட்டது. 'கடோ' செய்கிறார்கள்! மனத்தால், வாக்கால், செயலால் செய்த பிழைகளைப் பொறுக்கச் சொல்லிப் பெரியவர்களை வணங்கும் பர்மிய வழக்கம் அது. முஸ்லிம் பிள்ளைகள் மட்டும் மண்டியிடாமல் நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்தி நின்றார்கள். கேட்சர் பர்மியில் சொன்னான்: "ஊலேமார்களே, இன்றைக்கு உங்களைத் தொடுவோம். தலையிலும் பட்டுவிடலாம். இப்போதே மன்னித்துவிடுங்கள்."

வழுக்கைத் தலைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முகம் மாறி, எல்லாரையும் வாழ்த்தி, "தொடு மகனே, முடிந்தால் தொடு" என்றார்.

அதன்பிறகு ஆடினார்களே, அதுதான் ஆட்டம்! அதே பயல்கள்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. விழுந்தார்கள், புரண்டார்கள், ஒருவருக்கும் வழிவிடவில்லை. வழுக்கைத் தலைக்காரர் வழக்கம்போலப் பாய்ந்து வந்தார். கேட்சர் அசையாமல் நின்று அவர் உச்சந்தலையிலேயே கையுறையை வைத்தான். அவுட்! நான் என் வயதை மறந்து குதித்தேன். அந்த மனிதர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, பயலின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டுச் சிரித்தபடி போனார்.

அந்த மேட்சிலும் தோற்றோம், ஒரே ஒரு ரன்னில். மாவ்பிக்காரர்கள் எங்கள் எல்லாருக்கும் மொஹிங்கா வாங்கிக் கொடுத்தார்கள். மீன் குழம்பு மணக்க ஆவி பறக்கிற நூடுல்ஸ், தோற்றவர்கள் பாடு கொண்டாட்டமாகத்தான் இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் பயல்கள் யாரும் சொல்லாமலே மட்டைகளைத் துடைத்தார்கள். கையுறைகளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிச் சாக்கில் அடுக்கி வாயைக் கட்டினார்கள். இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று ஒருவனும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குச் சங்கடமாகுமாம். கேட்சர் மட்டும் சாக்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"நானா, மூட்டைய யார்ட்ட குடுக்கணும்?"

அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "என் வண்டியிலயே கிடக்கட்டும். வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு எல்லாரும் வந்துருங்க. லேட்டா வந்தா தோலை உரிச்சிருவேன்" என்றேன்.

அவர்கள் போட்ட கூச்சலில் மைதானத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன.

இன்றைக்கும் பெரியவர் ஒருவரிடம் மறுத்துப் பேச வேண்டி வந்தால், முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சொல்ல வேண்டியதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பணிந்து நின்ற பிறகும் முழு பலத்தோடு ஆடலாம் என்று எனக்குக் காட்டிய அந்தத் தோற்ற பிள்ளைகளுக்கு நான் பட்ட நன்றிக்கடன் இந்த ஆயுளில் தீராது.