அட்டை இருந்தும் உள்ளே விடவில்லை

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். சொல்ல வெட்கமில்லை, நேரம் கொடுத்தால் எதையும் படித்துவிடுவேன். அதனால்தான் மருமகள் பரீட்சைக்குப் படித்த மாசங்களில் கேள்வியை நான் வாசிப்பேன், அவள் சமைத்துக்கொண்டே பதில் சொல்வாள். பர்மனென்ட் வேலைக்கான பரீட்சை. வயசு வரம்பு அவளுக்கு இந்தத் தடவையோடு முடிகிறது.

ஒருநாள் வந்த கேள்வி இது: அடையாள அட்டை இல்லாதவர் சுரங்கத்துக்குள் போக முடியாது. ஒருவரிடம் அட்டை இருக்கிறது. ஆகவே அவர் போகலாம். சரியா, தவறா?

“சரிதான், இதுல யோசிக்க என்னா இருக்கு?” என்றேன். மைன்ஸுக்குப் போன வீட்டுக்காரருக்கு முப்பது வருஷம் சோறு கட்டிக் கொடுத்தவள் நான்.

அவள் வாணலியை இறக்கிவிட்டுத் திரும்பினாள். “மாமா ஒருநாளு பூட்ஸ் போடாம செருப்போட போயி, திருப்பி அனுப்பிட்டாங்கன்னு சொல்வீங்களே அத்தை. அன்னிக்கு அட்டை எங்க இருந்துது?”

சட்டைப் பையில் இருந்தது.

அந்தக் கதையை எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்கச் சொல்லிச் சிரித்தவள் நான். அதுக்குள்ளே இப்படி ஒன்று உட்கார்ந்திருந்தது தெரியவே இல்லை. ஒன்று இல்லாமல் முடியாது என்பது வேறு, அது இருந்தாலே போதும் என்பது வேறு. அப்புறம் நானாகவே ஒன்று கண்டுபிடித்தேன். கரண்ட் போனாலே போதும், ஃபேன் நின்றுவிடும். ஆனால் ஃபேன் நிற்கக் கரண்ட் போயே ஆகணும் என்றில்லை. சுவிட்சை அணைத்தாலும் நிற்கும். அன்று முழுக்க உப்பு, அடுப்பு, வாசல் சாவி என்று கண்ணில் பட்டதையெல்லாம், நீ இல்லாமல் முடியாதா, நீ இருந்தாலே போதுமா என்று கேட்டுக்கினே இருந்தேன்.

ரிசல்ட் வந்த மத்தியானம், போனில் பார்த்த பாஸ் லிஸ்டில் அவள் பரீட்சை நம்பர் இருந்தது. வேலை கிடைத்துவிட்டது என்று நாலு வீட்டில் சொல்ல, நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

“இல்ல அத்தை. இது இல்லாம வேலை கெடைக்காது. ஆனா இது மட்டும் போதாது. சர்ட்டிபிகேட் பாக்கணும், மெடிக்கல் இருக்கு.”

அவள் கண்ணில் தண்ணீர் முட்டி நிற்கிறது. அத்தனை நாள் ஏங்கினது கைக்கு எட்டின நேரத்திலும், உள்ளதுக்கு மேலே ஒரு சொல் கூடச் சொல்லவில்லை. இப்படியும் ஒரு புத்தி இருக்குமா என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனாலும் செருப்பைக் கழற்ற மனசு வரவில்லை. வெளியே வந்தேன். எதிர் குவார்ட்டர்ஸ் திருநெல்வேலிக்காரம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மருமகளுக்கு வேலை ஆயிட்டா என்று கேட்டாள்.

“இன்னும் ஆவல. ஆனா எது இல்லாம ஆவாதோ, அத வாங்கிட்டா,” என்றேன்.